தாங்கிகளும் சிறுவர் கண்ட யுத்தமும்

எழுபது வயதை எட்டிவிட்ட ஆங்கிலேயர் ஒருவரிடம், யுத்த தாங்கி என்றதும் அவர் நினைவில் முதலிலே தோன்றுவது யாது என வினவினால், அவர் பெரும்பாலும் ஒரு போர்க்களத்தின் பெயரைக் கூறார். மேற்சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு சிறு புத்தகத்தையே கூறுவார். 64 பக்கங்கள் கொண்ட அப்புத்தகத்தின் விலை, அவர் சிறுவனாயிருந்த காலத்தில், ஒரு சிலின். உள்ளே கருமையும் வெண்மையுமான படங்கள். மேலட்டையில் மட்டும் வர்ணம். அந்த அட்டையிலே, அகழியொன்றின் கரையை மிதித்து முன்னங்கால் தூக்கிய யானையைப் போல மேலெழும் ஓர் இரும்பு மிருகம். அதன் குழல்வாயில் நெருப்பு. வகுப்பறை மேசைகளின் கீழே கைமாறிக் கைமாறி, மூலைகள் மடிந்து, அட்டை கிழிந்து, ஈற்றில் ஆசிரியர் ஒருவரின் இழுப்பறையிற் சிறைப்பட்டு முடிவதே அத்தகைய புத்தகங்கள் பலவற்றின் விதி. யேர்மன் மொழியில் அச்சிறுவர் அறிந்திருந்த சொற்களெல்லாம், 'எச்சரிக்கை', 'கைகளை உயர்த்து' என்னும் பொருளுடைய நாலைந்து கூச்சல்களே. அவையும் அப்புத்தகங்கள் கற்பித்தவை.

அப்புத்தகத்தில் உருண்டு சென்ற தாங்கிக்கும், உண்மையிற் களம் புகுந்த தாங்கிக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. அத்தூரத்தை நன்கறிந்த ஒருவர், பல வீடுகளில், அச்சிறுவனுக்கு எதிரே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். அவர் அச்சிறுவனின் தந்தை; அல்லது பாட்டனார். அவர் பேசவில்லை. புத்தகம் பேசிற்று.

தாங்கி என்னும் பெயரின் வரலாறே ஒரு தனிக் கதை. மன்னார்ப் பகுதியிலுள்ள கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலேய ஆட்சியாளர் 'இராட்சதனின் குளம்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். குளத்துக்கு அவர்கள் கையாண்ட சொல் 'ராங்க்' என்பது. மேலை இந்தியாவில் குஜராத்தி முதலிய மொழிகளிலே நீர்நிலையைக் குறித்த ஒரு சொல், போர்த்துக்கேயரின் சொல்லொன்றோடும் கலந்து ஆங்கிலத்துட் புகுந்ததென்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுவர். குளத்தைக் குறித்த அச்சொல் பின்னர் நீர் நிறைக்கும் கலத்தைக் குறித்தது. கலத்திலிருந்து யுத்த யந்திரத்துக்குத் தாவியது. அச்சொல்லைத் தமிழர் 'தாங்கி' என வழங்கியபோது ஒலியும் ஒத்தது. தாங்குவது என்னும் பொருளும் பொருந்திற்று. வீட்டு முற்றத்துத் தண்ணீர்த் தாங்கியும் போர்க்களத்து யுத்த தாங்கியும் ஒரே பெயரைப் பெற்றிருப்பது தற்செயலன்று. அதற்குக் காரணம், 1915ஆம் ஆண்டின் இறுதியிற் சொல்லப்பட்ட ஒரு பொய்.

1914ஆம் ஆண்டு முடிவதற்குள், வட கடலிலிருந்து சுவிற்சலாந்தின் எல்லைவரை, பதுங்கு குழிகள் இரண்டு வரிசைகளாக ஒன்றையொன்று நோக்கி நீண்டு கிடந்தன. இடையில் முட்கம்பி, அதற்கப்பால் யந்திரத் துப்பாக்கி. மனித உடல் அவ்விரண்டையுங் கடந்து செல்ல இயலாதென்பது பல்லாயிரம் உயிர்களின் செலவில் உறுதியாயிற்று. இத்தகைய ஒரு யுத்தத்தையும், அதனை முறியடிக்கும் இரும்பு ஊர்திகளையும், எச். ஜீ. வெல்ஸ் என்னும் எழுத்தாளர் 1903ஆம் ஆண்டிலேயே ஒரு சிறுகதையிற் கற்பனை செய்திருந்தார். ஆகவே தாங்கி களத்துக்கு வரும் முன்னரே சஞ்சிகைக்கு வந்துவிட்டது. சித்திரக் கதைக்காரர்மீது பழி கூறுவோர் இதனையும் நினைத்தல் வேண்டும்.

1915 பெப்ரவரியில், கடற்படை மந்திரியாயிருந்த வின்ஸ்ரன் சேர்ச்சில் ஒரு குழுவை நியமித்தார். தரைக்கப்பற் குழு என்பது அதன் பெயர். தரைப்படைக்குரிய கருவியைக் கடற்படையினர் ஆராய்ந்தது விந்தையே. லின்கன் நகரில் உழவு யந்திரங்கள் செய்துவந்த பொஸ்ரர் கொம்பனியில், வில்லியம் ரிற்றன், வால்ரர் வில்சன் என்னும் இருவர் அதனை உருவாக்கினர். வயலிற் சேறு மிதிக்கவேண்டிய சங்கிலிச் சக்கரம், போர்க்களத்துச் சேற்றை மிதிக்கத் தயாராயிற்று. வேலையாட்கள் இதென்னவென்று கேட்பாரன்றோ? மெசொப்பொத்தேமியாப் பாலைவனத்துக்கு அனுப்பும் தண்ணீர்க் கலங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அத்தகைய கலத்துக்குரிய 'ராங்க்' என்னும் பெயரே நிலைத்துவிட்டது. பின்னர், இவை பெற்றோகிராட்டுக்குச் செல்கின்றன, கவனமாகக் கையாளவும் என்று ருசிய எழுத்தில் அவற்றின்மீது தீட்டியும் வைத்தனர். ஒற்றரை ஏமாற்ற நினைத்த பொய் அகராதியில் ஏறிவிட்டது.

இனி, அவ்வியந்திரத்தின் உள்ளே சென்று பார்த்தல் வேண்டும். ஏனெனில் சித்திரக் கதைகள் பெரும்பாலும் அதனை வெளியே நின்றே வரைந்தன. முதலாவது வகைத் தாங்கியின் நிறை ஏறக்குறைய 28 தொன். அதற்குள் எட்டுப் பேர். 105 பரிவலுவுடைய பொறி, எவ்விதத் தடுப்புமின்றி, அவர்கள் நடுவே நின்று இரைந்தது. வெப்பம் 50 பாகையை எட்டும். பொறியிலிருந்து கசியும் காபனோரொட்சைட்டும் துப்பாக்கிப் புகையும் ஒன்றுகூடித் தலையைச் சுற்றச் செய்யும், வாந்தி வரும், சிலர் மூர்ச்சித்து வீழ்வர். பேச்சுக் கேளாது. ஆகவே பொறியின் மூடியைச் சுத்தியலால் தட்டிச் சமிக்ஞை செய்வர், அல்லது கையசைப்பர். அதனைத் திருப்புவதற்கே நால்வர் ஒருங்கே உழைக்கவேண்டும். வெளியே குண்டு படும்போது உட்புறத் தகட்டிலிருந்து சூடான இரும்புத் துகள்கள் சிதறும். அதற்காகத் தோலும் சங்கிலிப் பின்னலுமான முகமூடி அணிந்தனர். இவ்வளவுக்கும் அதன் அதியுயர் வேகம் மணிக்கு நான்கு மைலுக்குங் குறைவு; குழிவிழுந்த நிலத்தில் அதிற் பாதியுமில்லை. படைத்தலைமைக்குச் செய்தி அனுப்பப் புறாக்களையும் கூட்டில் வைத்து உடன்கொண்டு சென்றனர். பீரங்கி தாங்கியதை ஆண் என்றும், யந்திரத் துப்பாக்கி மட்டும் தாங்கியதைப் பெண் என்றும் வழங்கியது அக்காலப் படையினரின் வேடிக்கை.

1916 செப்ரெம்பர் 15ஆம் நாள், பிரான்சிலே சொம் நதிக்கருகில், தாங்கிகள் முதன்முதலாகப் போருக்குச் சென்றன. ஆயத்தமாயிருந்தவை 49, அவற்றுள் புறப்படும் இடத்தைச் சென்றடைந்தவை 32 என்பர். எஞ்சியவை வழியிலேயே பழுதுற்றன, அல்லது குழிகளிற் சிக்கின. எனினும் பிளேர் என்னும் கிராமத்தின் பெருந்தெருவில் ஒரு தாங்கி நடந்து சென்றதும், அதன் பின்னே காலாட்படையினர் ஆரவாரித்துச் சென்றதும் இலண்டன் பத்திரிகைகளைக் களிப்பில் ஆழ்த்தின. இரகசியத்தை இவ்வளவு சிறு தொகையோடு வெளியிட்டது தவறென்று சேர்ச்சில் உள்ளிட்ட பலர் குறைகூறினர். இவ்வாதம் இன்றும் தீர்ந்தபாடில்லை. ஆயினும், களத்திற் கொண்டுசென்று பாராமல், எது ஓடும், எது ஓடாது என்பதை எவர் அறிந்திருப்பார்? சேனாதிபதி ஹெய்க் அந்நாளின் விளைவைக் கண்டு ஆயிரம் தாங்கிகள் வேண்டுமென்று கேட்டதில் நியாயமுண்டு.

இதே சொம் களத்தில், அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஜூலை 14ஆம் நாள் மாலையில், ஹை வூட் என்னும் காட்டினருகே இந்தியாவின் தக்காணக் குதிரைப்படை ஈட்டிகளை ஏந்திக் குதிரைகள்மீது பாய்ந்தது. அப்படையின் வழிவந்த படைப்பிரிவே, 1945 மார்ச்சில், பர்மாவின் மெய்க்தீலா நகரைக் கைப்பற்றிய போரில் ஷேர்மன் தாங்கிகளைச் செலுத்திச் சென்றது. குதிரையிலிருந்து தாங்கிக்கு உலகம் மாறிய கதையை இந்த ஒரு படைப்பிரிவின் வரலாற்றிலேயே முழுதாகப் படிக்கலாம். ஆயின், சித்திரக் கதைகளிலே இவ்வீரரைத் தேடினால், காண்பது அரிது. கூர்க்கா வீரர் வருவர், கத்தியை உருவுவர், அவ்வளவே. பர்மாக் களத்து யப்பானியரோ, பல கதைகளில், மனித முகமே மறுக்கப்பட்டவராய் வரையப்பட்டனர். பழைய வாசகர் சிலர் இதனை இன்று நாணத்தோடு ஒப்புக்கொள்வதுண்டு.

சொம் களத்துக்குப் பின் ஓராண்டு கழித்து, 1917 நவம்பர் 20ஆம் நாள், கம்பிறே நகரின் முன்னே 476 தாங்கிகள் திரண்டன. அவற்றுட் போரிடுவன 378. அகலமான அகழிகளைக் கடப்பதற்காக, சுள்ளிகளைச் சங்கிலியாற் பிணித்த பெருங் கட்டுக்களை முதுகிற் சுமந்து சென்று, அகழிக்குள் இட்டு, அவற்றின்மேல் ஏறிக் கடந்தன. ஒரே காலைப்பொழுதில், முன்னர் மாதக்கணக்காகக் கிடையாத நிலம் கைக்கு வந்தது. இங்கிலாந்தின் தேவாலயங்களில் மணிகள் ஒலித்தன. ஆனால் அந்த ஒரே நாளில் 179 தாங்கிகள் செயலிழந்தன. அவற்றுள் எதிரியின் குண்டுக்கு இரையானவை 65. பொறி பழுதாகி நின்றவை 71. பள்ளங்களிற் சிக்கியவை 43. எதிரியைக் காட்டிலும் தன் பொறியும் நிலத்தின் பள்ளமுமே தாங்கிக்குப் பெரும் பகையாயின என்பதை இவ்வெண்கள் காட்டும். பத்து நாட்களுக்குப் பின் யேர்மனியர் எதிர்த்துத் தாக்கி, இழந்த நிலத்திற் பெரும்பங்கை மீட்டுக்கொண்டனர். மணியடித்தவர்கள் வருந்தினர்.

இரண்டாம் உலக யுத்தத்தில் தாங்கியின் நிலை முற்றாக மாறிற்று. 1940இல் பிரான்சு வீழ்ந்தபோது, பிரான்சிடமும் பிரித்தானியாவிடமும் தாங்கிகள் குறைந்திருக்கவில்லை. பலவற்றின் கவசம் யேர்மன் தாங்கிகளினதை விடத் தடித்தது. ஆனால் யேர்மனியர் தம்முடையவற்றை ஒன்றுதிரட்டி ஓரிடத்திற் பாய்ச்சினர்; தாங்கிகள் தமக்குள் வானொலி மூலம் பேசிக்கொள்ளவுஞ் செய்தனர். புறாவுக்கும் சுத்தியலுக்கும் பதிலாக வந்த அக்கருவியே அவ்வெற்றியில் ஒரு பாதி எனலாம். அதன் பின்னர் ஆபிரிக்கப் பாலை, ருசிய வெளி, நோர்மண்டிக் கரை என்று தாங்கி சென்ற இடமெல்லாம் பிற்காலச் சித்திரக் கதைகளுக்குக் களமாயின.

அக்கதைகள் எழுந்த காலமும் கவனிக்கத் தக்கது. இலண்டனில் 1958 செப்ரெம்பரில் 'யுத்தச் சித்திர நூலகம்' என்ற வரிசை தொடங்கிற்று. ஸ்கொத்லாந்தின் டண்டி நகரிலே டீ. சி. தொம்சன் கொம்பனியார் 1961 ஜூலையிற் 'கொமாண்டோ' வரிசையை வெளியிட்டனர். பிரித்தானிய இளைஞரைக் கட்டாயப் படைச் சேவைக்கு அழைப்பது 1960ஆம் ஆண்டின் முடிவோடு நின்றது. அதாவது, தந்தையும் பாட்டனும் சென்ற களத்துக்குத் தாம் செல்லவேண்டியதில்லை என்று அறிந்து வளர்ந்த முதற் சந்ததியினரே இப்புத்தகங்களை ஆவலோடு வாங்கினர். செல்லவேண்டியவன் சித்திரத்தில் அதனைத் தேடமாட்டான்.

எழுதியவருட் சிலர் யுத்தத்திற் சேவை செய்தவர். வரைந்தவருட் பலர் இத்தாலியர், ஸ்பானியர், ஆர்ஜென்ரீனர். இவருள் ஹியூகோ பிராற் என்பவரின் வாழ்க்கை ஒரு சித்திரக் கதையிலும் விந்தையானது. 1927இற் பிறந்த அவர், பத்து வயதில், இத்தாலியர் கைப்பற்றிய எத்தியோப்பியாவுக்குக் குடும்பத்தோடு சென்றார். பிரித்தானியப் படை அந்நாட்டை மீட்டபோது அவரது தந்தை சிறைப்பட்டு, சிறையிலேயே 1942இல் இறந்தார். சிறுவனும் தாயும் தடுப்பு முகாமில் இருந்தனர். அச்சிறுவனே வளர்ந்து, 1950களின் முடிவிலிருந்து இலண்டன் வெளியீட்டாளருக்காகப் பிரித்தானிய வீரரின் தீரச் செயல்களை வரைந்தான். அவனது படங்களிற் பகைவனுக்கும் முகம் உண்டு, களைப்பு உண்டு. அதன் காரணத்தை ஊகித்தல் கடினமன்று.

தாங்கிக் கதைகளில் எப்பொழுதும் ஓர் அசுரன் தேவைப்பட்டான். அப்பாத்திரத்தை ஏற்றது யேர்மனியரின் ரைகர் தாங்கி. 57 தொன் நிறை, 88 மில்லிமீற்றர் பீரங்கி, முன்புறத்தில் நான்கு அங்குலக் கவசம். வேலிக்குப் பின்னால், வைக்கோற் போருக்குள், தேவாலயச் சுவருக்கு அப்பால் என்று பக்கத்துக்குப் பக்கம் அது ஒளிந்திருக்கும். உண்மையில், 1942 முதல் 1944 வரை செய்யப்பட்ட ரைகர் முதல் வகைத் தாங்கிகள் சுமார் 1,350 மட்டுமே. அமெரிக்கர் செய்த ஷேர்மன் ஏறத்தாழ 49,000. ருசியரின் ரி-34 யுத்த காலத்திலேயே 50,000க்கு மேல். ரைகரோ பெற்றோலைக் குடித்தது. பாலங்கள் அதனைத் தாங்கவில்லை. புகைவண்டியில் ஏற்றுவதற்கு அகலமான சங்கிலியைக் கழற்றி ஒடுங்கியதைப் பூட்டவேண்டியிருந்தது. பழுதுற்று, தன் வீரராலேயே கைவிடப்பட்டவையும் பல.

அவ்வாறாயின், சித்திரக்காரர் பொய்யரோ? இல்லை. நோர்மண்டியிற் போரிட்ட வீரரே, தாம் கண்ட யேர்மன் தாங்கி ஒவ்வொன்றையும் ரைகர் என்றுதான் அறிவித்தனர். வேறு வகைத் தாங்கியும் தூரத்திலே, புகையிலே, அச்சத்திலே ரைகராகத் தோன்றிற்று. சித்திரக்காரன் எண்ணிக்கையை வரையவில்லை, அச்சத்தை வரைந்தான். பெரியோர் எழுதிய வரலாறுகளும் இக்குற்றத்துக்குப் புறம்பானவையல்ல. 1943 ஜூலை 12ஆம் நாள் ருசியாவின் புறொக்கொறொவ்கா வெளியில் ஆயிரத்து ஐந்நூறு தாங்கிகள் மோதின என்று தடித்த நூல்கள் பல கூறின. சுவடிகள் திறக்கப்பட்ட பின்னர், மோதியவை அதிலும் பல மடங்கு குறைவென்பது தெரியவந்தது.

அமெரிக்கச் சித்திரக் கதையொன்றையும் இங்கே கூறாது விடலாகாது. 1961இற் தோன்றிய அக்கதையில், அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் குதிரைப்படைச் சேனாதிபதி ஸ்ருவட் என்பவரின் ஆவி, அவர் பெயரைத் தாங்கிய ஒரு சிறு தாங்கியைக் காவல் செய்கின்றது. அச்சிறு தாங்கியின் பீரங்கி 37 மில்லிமீற்றர். ரைகரை அது எதிர்நோக்கினால், ஆவியின் உதவியன்றி வேறெதுவும் அதனைக் காப்பாற்றாது. கதாசிரியர் உண்மையறிந்தே எழுதினார் போலும்.

ஆனால் எந்தச் சித்திரமும் காட்டாத ஒன்று உண்டு. குண்டு துளைத்த ஷேர்மன் தாங்கி விரைவிற் தீப்பற்றும் என்று வீரர் அஞ்சினர். சிகரெற் பற்றவைக்கும் கருவியின் பெயரால் அதனை அழைத்தனர் என்றுங் கூறுவர். பெற்றோலினும், பக்கங்களில் அடுக்கிய வெடிகுண்டுகளே அத்தீக்குப் பெருங் காரணம் என்று பின்னர் அறிந்து, அவற்றை நீர் சூழ்ந்த பெட்டிகளில் அடித்தளத்துக்கு மாற்றிய பின் ஆபத்துக் குறைந்தது. அதற்கு முன் எரிந்தவை எரிந்தவையே. எரிந்த தாங்கியை மீட்டு, உள்ளேயிருந்ததை அகற்றி, கழுவி, வர்ணம் பூசி, மறுபடியும் வேறு ஐவரிடம் ஒப்படைக்கும் வேலையைச் செய்தவர்களும் இருந்தனர். அவர்கள் வீடு திரும்பி, தச்சராகவும் தபாற்காரராகவும் வங்கி எழுதுவினைஞராகவும் வாழ்ந்தனர். மகனின் கையிலிருந்த புத்தகத்தில், பகைவனின் தாங்கி ஒரே வெடியில், ஒரே கூச்சலில், சுத்தமாக மறைவதைக் கண்டபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? புத்தகத்தைப் பறித்தவர் சிலர், புன்னகைத்தவர் சிலர், தாமே இரவில் எடுத்துப் படித்தவரும் இருந்திருப்பர். சிறுவனுக்கு இவையெல்லாவற்றையும் காட்டியிருக்கவேண்டும் என்பது நீதியாகாது. அக்கதைகளிற் பலவும் கோழை துணிவு பெறுவதையும், பகைத்த இருவர் ஒரே தாங்கிக்குள் நண்பராவதையுமே கூறின. அது கெட்ட பாடமன்று. ஆயினும் முழுப் பாடமுமன்று.

அம்மௌனத்தை உடைக்க முயன்ற ஒரு கதையும் சிறுவர் இதழிலேயே வந்தது. 'பற்றில்' என்னும் வார இதழில் 1979 ஜனவரியிற் தொடங்கிய 'சார்ளியின் யுத்தம்' அது. பற் மில்ஸ் எழுதினார். தாம் கடற்படையிற் சேவை செய்த ஜோ கொல்கூன் வரைந்தார். வயதைப் பொய்யாகக் கூறிப் படையிற் சேர்ந்த பதினாறு வயது ஏழைச் சிறுவன், எழுத்துப் பிழைகள் மலிந்த கடிதங்களைத் தாய்க்கு எழுதுகின்றான். சொம் களத்தின் முதற் தாங்கிகளும் அதிலே வருகின்றன. வெற்றிக் கதையைத் தேடி இதழைத் திறந்த சிறுவர் பலர், தம் பாட்டனார் பேசாதிருந்ததன் காரணத்தை அங்கேதான் முதன்முதல் உணர்ந்தனர்.

கொமாண்டோ வரிசை ஐயாயிரம் இதழ்களுக்கு மேற் கண்டுவிட்டது. பழைய கதைகளை அது மறுபதிப்புஞ் செய்கின்றது. அவற்றை வாங்குவோருட் பலர் நரைத்த தலையினர். இங்கிலாந்தின் பொவிங்ரன் ஊரிலுள்ள தாங்கி நூதனசாலையில், ஓடும் நிலையிலுள்ள ஒரேயொரு முதல்வகை ரைகர் உண்டு. அதன் இலக்கம் 131. 1943 ஏப்ரிலிற் துனீசியாவிற் பிடிபட்டது. அதனை ஓட்டிக் காட்டும் நாட்களில், பேரப்பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு முதியோர் பெருந்திரளாய் வருகின்றனர். பொறி இரையும்போது கண்கலங்குவோர், யுத்தத்தைக் கண்டவரல்லர், சித்திரத்தைக் கண்டவர். அவர்களை எள்ளி நகையாடுதல் எளிது. ஆனால் ஒரு முறை, அங்கே வந்த ஒரு படைவீரரின் மகன், தம் தந்தை கூறிய ஒரு சம்பவம் இத்தாங்கியோடு ஒத்திருப்பதைக் கவனித்தார். அதன்பின் ஆராய்ந்தபோது, அது பிடிபட்ட நாளும் இடமும் நெடுங்காலமாக நம்பப்பட்டவையல்ல என்பது தெளிவாயிற்று. ஏப்ரில் 21 என்றிருந்தது, ஏப்ரில் 24 என்று திருத்தப்பட்டது. தந்தை பேசியிருந்தார், மகன் கேட்டிருந்தார்.

கம்பிறேக்கு அருகே பிளெஸ்கியேர் என்றொரு சிற்றூர் உண்டு. 1917 நவம்பர் 20ஆம் நாள், 'டெபோரா' என்று பெயரிடப்பட்ட ஒரு பெண் தாங்கி அவ்வூர்த் தெருவைக் கடந்து வெளியேறும்போது பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காயிற்று. உள்ளேயிருந்த எண்மரில் ஐவர் இறந்தனர். பின்னர் அத்தாங்கி எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியவில்லை. பல்லாண்டுகள் கழிந்தபின், அப்பகுதியின் வரலாற்றில் ஆர்வமுடைய ஒருவரிடம், அவ்வூர் மூதாட்டி ஒருத்தி தன் சிறுவயது ஞாபகமொன்றைக் கூறினாள். யுத்தகாலத்திலே ஒரு தாங்கியைப் பெரியதொரு குழிக்குள் தள்ளிப் புதைத்ததைத் தான் கண்டதாக அவள் சொன்னாள். அவர் ஆண்டுகள் பலவாகத் தேடினார். 1998 நவம்பரிலே மண்ணை அகழ்ந்தபோது இரும்பு தட்டுப்பட்டது. முன்புறம் கிழிந்து, துருவேறி, டெபோரா அங்கே கிடந்தாள். 2017இல் அவளுக்கென ஒரு நூதனசாலை அவ்வூரிலே திறக்கப்பட்டது. அதற்கு அடுத்த நிலம் ஓர் இடுகாடு. அவளுக்குள் இறந்த ஐவரும் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர்.